திரும்பி வரும்போது முன் இருக்கை

கம்மாபுரத்துக் குடும்பம் விமானம் ஏற நினைத்தால் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பக்கத்திலுள்ள விருத்தாசலம் ஜங்ஷன், சென்னை எழும்பூருக்கும் திருச்சிக்கும் இடையிலான கார்டு லைனில் இருக்கிறது. வடக்கே எழும்பூர் சுமார் 210 கிலோமீட்டர், தெற்கே திருச்சி சுமார் 125 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் பன்னாட்டு விமான நிலையம் உண்டு. போவதற்கு ஒன்று, வருவதற்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளலாம். இந்த அத்தியாயத்தின் திட்டம் முழுக்க அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

நம் குடும்பத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் வலியோடு ஆயா, அப்பா, அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், நான்கு வயதுப் பையன். போகிற ஊர் சிங்கப்பூர், ஐந்து நாள். காடு கழனி என்று காலம் முழுக்க உழைத்த ஆயாவை ஒரு தடவையாவது ‘பர்ஸ்ட் கிளாஸில்’ உட்கார வைத்துவிட வேண்டும் என்பது மகனின் ஆசை. நல்ல ஆசைதான். அதை எந்த இடத்தில் நிறைவேற்றுவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

முதல் வகுப்பு என்று எதைச் சொல்கிறோம்

விமானத்தின் முன்பகுதி முழுவதையும் நாம் பர்ஸ்ட் கிளாஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விமான நிறுவனங்களுக்கு அது இரண்டு வகுப்பு. எகானமிக்கு முன்னால் இருப்பது பிசினஸ் வகுப்பு. அதற்கும் முன்னால், சில பெரிய விமானங்களில் மட்டும் இருப்பது முதல் வகுப்பு. சென்னை–சிங்கப்பூர் வழியில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் பிசினஸ்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பெரிய ஏ380 விமானத்தின் மேல்மாடியில் கதவு வைத்த ஆறு தனி அறைகளைப் போட்டிருக்கிறது. அந்த விமானம் இந்தியாவில் மும்பைக்கும் டெல்லிக்கும் வருவது, நம் பக்கம் வருவதில்லை.

உண்மையான முதல் வகுப்புதான் வேண்டும் என்று மனசு நிற்கிறதா? நமக்கு எட்டும் தூரத்தில் துபாய் வழி இருக்கிறது. எமிரேட்ஸ் 2022 அக்டோபர் முதல் பெங்களூருக்கு ஏ380 ஓட்டுகிறது. அதில் முன்னால் 14 முதல் வகுப்பு இடங்கள், குளிக்க இரண்டு ஷவர் அறைகள், ஆளுக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். நாம் விருத்தாசலத்திலிருந்து சேலம் போய் பெங்களூர் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான்கு மணி நேரப் பயணத்தில் சாப்பாட்டையும் குளியலையும் முடிப்பதற்குள் துபாய் வந்துவிடும். கணவன் மனைவி இருவர் போகும் பயணத்துக்கு அது பொருந்தும். ஆயாவையும் நான்கு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகும் பயணத்துக்கு என் தேர்வு சிங்கப்பூர்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஊருக்குள் இறங்கிய பிறகு ஆயா தன் வாயால் வழி கேட்டு, தன் நாக்குக்குப் பிடித்ததைச் சாப்பிட்டு, தனக்குத் தெரிந்த சாமியைக் கும்பிட முடிகிற ஊர் அது. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

எந்த நிறுவனமானாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த நாளுக்குரிய விமானத்தின் இருக்கைப் படத்தைத் திறந்து பாருங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரே வழியில் இரண்டு வகை விமானங்கள் ஓடும். ஒன்றில் இருக்கை முழுக்கக் கட்டிலாக விரியும், மற்றொன்றில் சாய்வோடு நின்றுவிடும். வாங்கும் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் திரும்பும்போது

சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை நான் இப்படித்தான் கூட்டிப்போனேன். போகிற இரவு விமானத்தில் முன் இருக்கை வாங்கினேன். அம்மாவுக்குப் பரபரப்பில் தூக்கமே வரவில்லை. சாப்பாடு முடிந்து விளக்கணைத்து அவர் கண்ணசரும் நேரத்தில் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். நமக்கு இன்னும் விடியாத வேளையில் அங்கே காலை ஆகிவிட்டது. விடுதி அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். முன் இருக்கையில் வந்த அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறை சோபாவில் மதியம் வரை உட்கார்ந்தே தூங்கினார். அன்று எகானமியில் வந்து, மிச்சமான பணத்தில் முந்தின இரவிலிருந்தே அறையைப் பிடித்திருந்தால் அவர் படுத்திருப்பார். அந்தக் காட்சியை மறக்க முடியாமல்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

போகும்போது எல்லாருக்கும் உடம்பில் தெம்பு இருக்கும். புது இடம் பார்க்கப்போகிற உற்சாகத்தில் நான்கு மணி நேரம் நெருக்கமாக உட்கார்வது பெரிதாகத் தெரியாது. ஐந்து நாள் நடந்து, கால் வீங்கி, பிள்ளைகள் அலுத்து, பெட்டியின் எடை கூடித் திரும்பும்போதுதான் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பெட்டி அனுமதியும் முன் வகுப்பில் அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிசினஸில் ஆளுக்கு 40 கிலோ. வாங்கிய சாமான்கள் வருவதும் திரும்பும் வழியில்தானே.

ஆகவே போகும்போது திருச்சியிலிருந்து எகானமி, திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு முன் வகுப்பு. ஐந்து பேருக்கும் முன் வகுப்பு வாங்க வேண்டியதில்லை. ஆயாவுக்கும் மகளுக்கும் இரண்டு இடம் போதும். ஆயாவை மட்டும் தனியாக முன்னால் அனுப்பாதீர்கள். எகானமியில் இருப்பவர் நினைத்தபோதெல்லாம் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது, திரை போட்டிருக்கும், பணிப்பெண் தடுப்பார். ஒன்பதாவது படிக்கும் பெண் பொத்தான்களையும் திரையையும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வாள், பாட்டிக்கும் சொல்லித்தருவாள். பையன் பின்னால் அம்மா அப்பாவோடு இருக்கட்டும். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது சன்னலோரத் தனி இருக்கை இரண்டை எடுக்காமல், நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரும் ஜோடி இருக்கையை எடுங்கள்.

டிக்கெட் விலையைப் பார்க்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள். முன் வகுப்புக்கும் எகானமிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பறக்கும் மணி நேரத்தால், இங்கே நான்கால், வகுத்துப் பாருங்கள். வருகிற தொகையை ஒரு மணி நேர ஓய்வுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இந்தியாவிலிருந்து கிளம்பும் டிக்கெட்டில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத வகுப்புகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, எகானமிக்கு 5 சதவீதம்தான். கடைசி நேரத்தில் ஏலம் கேட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடும் சில நிறுவனங்களில் உண்டு. தனியாகப் போகிறவர் முயன்று பார்க்கலாம். ஆயாவின் இருக்கையை ஏலத்தில் விடாதீர்கள்.

எந்த மாதம்

கழனி வைத்திருப்பவர்களுக்குச் சம்பா அறுப்பு முடிந்த பிறகுதான் கை ஓயும். தை கடைசி, மாசி நல்ல காலம். சிங்கப்பூரில் நவம்பர் முதல் ஜனவரி வரை அடிக்கிற மழையும் அப்போது குறைந்துவிடும். ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகத்தை விட்டுவிட்டு ஆயா கிளம்ப மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் எல்லாரும் கிளம்புவதால் விலை ஏறிக்கிடக்கும். மிஞ்சுவது காலாண்டுத் தேர்வு விடுமுறை. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரில் 2008 முதல் நடக்கும் இரவுக் கார்ப் பந்தயம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில்தான் வரும். அந்த வாரம் விடுதி விலை எகிறும், ஆற்றோரத் தெருக்களை அடைத்துவிடுவார்கள். பந்தயத் தேதியைப் பார்த்து அதைத் தவிர்த்து நாள் குறியுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கலங்காரம் இருக்கும். அந்தச் சமயத்தில் லீவு போட முடிந்தால் போடலாம்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். பெரியவர்களுடையது பத்து வருடம் என்பதால் வீட்டில் பிள்ளையுடையதைத்தான் மறந்துவிடுவார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் ஏராளம். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது பலர் விமான நிலையம் வரை போய்த் திரும்பினார்கள். சிங்கப்பூருக்கு அந்தத் தொல்லை இல்லாவிட்டாலும், புதிதாக எடுக்கிறவர்கள் தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆயாவை ஊரே கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றிருக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள், ஞாபகத்திலிருந்து செய்யாதீர்கள்.

சிங்கப்பூர் விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக, பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது வழக்கம். அது கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டையோ விடுதியையோ வாங்காதீர்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற படிவத்தை ஐந்து பேருக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் வேறு வேறு நிறுவனம் என்பதால் இரண்டையும் அச்செடுத்து ஒரே உறையில் வையுங்கள். திரும்புவதற்கு டிக்கெட் எங்கே என்ற கேள்வி திருச்சியிலேயே வரும்.

டிக்கெட் போடும்போதே ஆயாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். ‘நான் நடப்பேன்’ என்று அவர் சொல்வார். நடப்பார்தான். ஆனால் குடியேற்ற வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பது வேறு.

மூட்டையில் எது வேண்டாம்

ஆயா தன் கையால் கட்டும் மூட்டையை நீங்கள் ஒருமுறை பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடி இருந்தால் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் கசகசா போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, துபாயில் இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை. சூயிங்கம் 1992 முதல் தடை. கறி, கருவாடு வேண்டாம். கற்பூரமும் கொப்பரையும் தீப்பற்றும் பொருள்கள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சாமிக்கு வேண்டிய கற்பூரம் அங்கே கோயில் வாசலில் கிடைக்கும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்துங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். ஆயாவின் மாத்திரைகளும் கைப்பையில், சீட்டோடு.

நகை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தாலியும் கம்மலும் போதும். கனமாகப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கேள்வி வராது. அங்கே தங்கம் வாங்கி வந்தால் வரியில்லாச் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். ஐந்து நாள் போய்வருகிறவருக்குக் கிடையாது.

திருச்சி வழியாகப் போவது

திருச்சியின் புது முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஜங்ஷனிலிருந்து ஆட்டோ தூரம்தான். சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான ஸ்கூட் போன்றவை ஓட்டுவதால் விலை இறங்கிக் கிடைக்கும். இந்த வகை விமானத்தில் அடிப்படை விலையில் பெட்டியோ சாப்பாடோ சேராது. பெட்டிக்கு முன்கூட்டியே கட்டினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் அதிகம். அங்கே மாலையில் போய் இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அறை தயாராக இருக்கும், சாப்பிட்டுப் படுத்துவிடலாம். விடியற்காலையில் இறங்கும் விமானம்தான் கிடைக்கிறது என்றால், முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

ஊருக்குள்

தங்குவதற்கு சிராங்கூன் ரோட்டுப் பக்கம், லிட்டில் இந்தியா அல்லது பேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். ஆயா காலையில் எழுந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்து போய்வரலாம். 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ், அதற்கும் முந்தி 1924-ல் தொடங்கிய ஆனந்த பவன் இரண்டும் அங்கேதான். காலை இட்லிக்கு வழி இருந்தால் பாதிப் பயணம் சரியாகிவிடும். தமிழ் முரசு நாளிதழ் ஒன்று வாங்கி ஆயாவிடம் கொடுங்கள். திருவாரூரிலிருந்து போன கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய பத்திரிகை அது.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம். காலையில் போய் மதியம் அறைக்குத் திரும்பி, படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் பக்கத்தில் ஒரு சுற்று. நிகழ்ச்சி நிரலை வீட்டிலேயே மெதுவாக நடக்கிறவரின் காலை வைத்துப் போடுங்கள். எம்.ஆர்.டி. ரயிலில் வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒன்றையே எல்லாருக்கும் தட்ட முடியாது. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு என்பதைப் பையனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மண்டாய் விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு காலை. உள்ளே டிராம் வண்டி ஓடுகிறது, ஆயா அதில் சுற்றலாம். கார்டன்ஸ் பை த பே ஒரு மாலை. கண்ணாடிக் கூடங்கள் இரண்டும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும், வெளியே இரவில் ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி இலவசம். இவை எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பவை, மேலே சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்க்காரர்கள் தவறவே விடக்கூடாத நாள் இன்னொன்று. சைனா டவுனில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலோடு அதைத் தொடங்குங்கள். ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸோடு 1819-ல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல் நிறுவிய கோயில். நாகப்பட்டினத்திலிருந்தும் நம் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் கப்பலேறிப் போனவர்கள் சேர்ந்து எழுப்பியது. நம் மாவட்டத்து ஆயா ஒருத்தி அந்தச் சன்னதியில் நின்று கையெடுக்கும்போது, அவள் வெளியூர்ச் சுற்றுலாப் பயணி என்று எனக்குத் தோன்றுவதில்லை.

அங்கிருந்து ஆற்றோரம் ஏசியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியம் கொஞ்ச தூரம்தான், ஒரு டாக்சியில் போய்விடலாம். உள்ளே நேராக டாங் கப்பல் கூடத்துக்குப் போங்கள். 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலடியில் கண்டெடுத்த கப்பலின் சரக்கு அது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து மேற்கே கிளம்பிய கப்பல், பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியது. அதிலிருந்து வெளியே வந்த சுட்ட மண் சாமான்கள் ஏறக்குறைய 60,000. பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளில் செய்த சாதாரணக் கிண்ணங்கள். பெரிய ஜாடிக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் ஆயிரத்துக்கு மேற்பட்ட வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் உடையாமல் வந்தன. ஒரு கிண்ணத்தில் செய்த காலம் எழுதியிருக்கிறது, நம் கணக்கில் கி.பி. 826.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களோ, செராமிக் கல்லூரியில் படித்தவர்களோ வீட்டில் ஒருவராவது இருப்பார்கள். அவர்களை இந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் அவசரப்படுத்தாதீர்கள். கிளேஸ் பூச்சு எங்கே வழிந்து நின்றிருக்கிறது, அடிவட்டத்தில் எவ்வளவு தூரம் கிளேஸ் போடாமல் மண்ணை வெறுமனே விட்டிருக்கிறான், தூரிகையை எத்தனை இழுப்பில் இழுத்து அந்தப் பறவையை முடித்திருக்கிறான் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்து தள்ளிய கையின் வேகம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. கார்த்திகைக்கு முன் அகல் விளக்கு அடுக்கும் வீட்டுப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பையன் சிணுங்கினால் ஒருவர் அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகட்டும்.

திரும்பும் காலை

காலை விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். சிங்கப்பூரில் 8 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் சென்னையில் காலை 9.30. ஆயா அதிகாலையிலேயே எழுந்திருக்க வேண்டியிருக்கும். அந்தத் தூக்கத்தைக் கொடுக்கத்தான் முன் இருக்கை. முஸ்தபா கடையில் வாங்குவதை முந்தின நாள் மதியமே முடித்து, பெட்டியை எடை போட்டுப் பூட்டிவிடுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜூவெலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். அதைப் போய் இறங்கும் நாளிலோ, கிளம்புவதற்கு முந்தின மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அதற்கு நேரம் இருக்காது.

முன் வகுப்பில் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 24 மணி நேரத்துக்கு முன் வரை. சைவமானால் சைவம் என்று தெளிவாகப் பதிந்துவிடுங்கள்.

இனி மகளுக்கு நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியவை. உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு கொண்டுவருவார்கள், அது முகமும் கையும் துடைக்க. ஆயா அதை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்ப்பார், துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல். என்ன கொண்டுவந்தாலும் ‘இதுக்கு எவ்வளவு?’ என்று கேட்பார். எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்தது, வெந்நீர் பத்துத் தடவை கேட்டாலும் காசில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார். பெல்ட் விளக்கு அணைந்ததும் இருக்கையைக் கட்டிலாக்கு. சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் போதும், சிலவற்றில் எழுந்து நின்று முதுகுப் பலகையை முன்னால் மடிக்க வேண்டும். தெரியாவிட்டால் பணிப்பெண்ணைக் கூப்பிடு, அவர்களே விரிப்புப் போட்டுத் தருவார்கள். கால் வீங்கியிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கொடுக்கும் துணிச் செருப்பைப் போட்டுவிடு. கால்மாட்டில் இன்னொரு தலையணை கேட்டு வாங்கி வை. பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடு, அப்போதுதான் அதைச் சரிபார்க்க அவரை எழுப்ப மாட்டார்கள்.

காபி வரும்போது கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்க்கலாம், குடித்து முடித்த பிறகு. எங்கள் பக்கத்தில் பீங்கான் வேலை தெரிந்தவர்கள் எந்த வீட்டில் காபி குடித்தாலும் அதைச் செய்வார்கள். எந்தச் சூளை முத்திரை என்று அடியில்தான் இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் முதல் வகுப்பில் இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் பாத்திரங்களை வைத்திருக்கிறது. எலும்புச் சாம்பல் கலந்த களிமண்ணில் செய்தது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரியும். பிசினஸில் வருவது எது என்று மகள் பார்த்து வந்து சொல்லட்டும்.

சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 11 மணி ஆகும். எழும்பூருக்குப் போகாதீர்கள். விமான நிலையத்திலிருந்து தாம்பரம் ஒரு டாக்சி தூரம். மதியம் எழும்பூரில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றுதான் விருத்தாசலம் வருகிறது. ஏசி சேர் காரில் ஐந்து இடத்தை முன்பே பதிந்திருங்கள். விமானம் தாமதமானால் ரயில் போய்விடும் என்ற பயம் இருந்தால் ஊரிலிருந்து கார் வரச் சொல்லலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் அடைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் கார் உங்களை ஏற்ற வர வேண்டிய பக்கம் அது. விருத்தாசலம் ஜங்ஷனில் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். பெட்டி ஐந்தாறு இருக்கும், கம்மாபுரத்துக்குப் பஸ் சரிப்படாது. ஆட்டோக்காரரிடம் இரண்டு வண்டி என்று கிளம்பும் நாளிலேயே சொல்லிவையுங்கள். ஒன்றில் ஆயா காலை நீட்டி உட்காரட்டும், பெட்டிகளை மற்றொன்றில் ஏற்றிக்கொள்ளலாம்.